உண்டியல் – 9: கோட்டையே கூலி

தொண்ணூறுகளின் தொடக்கம். தியாகதுருகத்தில் ஒரு சந்து, மத்தியான வெயில். டிவிஎஸ் 50 ஒன்று உள்ளே வந்து நின்றது. வந்தவர் இறங்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எழுந்து உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த பழைய இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்தார். அதில் பேனாவால் எழுதிய எண் இருந்தது. நோட்டின் எண்ணையும் அட்டையின் எண்ணையும் உதடு அசையப் படித்துப் பார்த்தார். பிறகு தினத்தாளில் சுற்றிய ஒரு கட்டு கைமாறியது.

“எண்ணிக்குங்கக்கா.”

அக்கா எண்ணவில்லை. வந்தவர் இரண்டு ரூபாய் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பணம் கொடுத்ததற்கு அந்த நோட்டுதான் ரசீது. வீட்டுக்காரர் துபாயில் கொத்தனார். ஊருக்கு வந்திருந்தபோது நோட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். திர்ஹாமை அங்கே ஒரு கடையில் கொடுத்தார், ரூபாய் இங்கே ஒருவர் கையிலிருந்து வந்தது. நடுவே கடலைத் தாண்டி ஒரு காசும் பயணம் செய்யவில்லை.

அன்றைய கணக்கில் அந்தச் சந்தில் நடந்தது குற்றம். 1973-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் உயிரோடு இருந்த காலம். 2000 ஜூன் முதல் அதன் இடத்துக்கு வந்த சட்டம் சிறையை ஒதுக்கி அபராதத்தை முன்னிறுத்தியது. 2005 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டமோ வேறு மாதிரி கேள்வி கேட்கிறது: பணம் எந்த வழியில் போனது என்பதோடு, எந்தக் குற்றத்தில் பிறந்தது என்று. பத்திரிகைகளில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். உண்டியல் என்றாலே கருப்புப் பணம், ஹவாலா என்றாலே கள்ளக்கடத்தல். யாழ்ப்பாணத்தில் பேரனின் பள்ளிச் செலவுக்கு டொராண்டோவிலிருந்து வரும் காசையும் உண்டியல் என்றுதான் சொல்கிறார்கள். கோயிலில் பூட்டுப் போட்டு வைத்திருப்பதற்கும் அதே பெயர்.

அழுக்குப் பணத்தை வெளுக்கும் கலை எங்கள் பக்கம் எப்போது வந்தது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தச் சந்தில் நின்று தலையை நிமிர்த்தினால் போதும். பாறைமேல் தெரிகிறது பதில்.

தியாகதுருகம் மலைக்கோட்டை ஒரு சாலையின் காவல்காரன். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து எலவானாசூர்க்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகிறதே, அதே தடத்தில்தான் மைசூர்ப் படைகள் கடற்கரைக்கு இறங்கின. வடமேற்கே கல்வராயன் மலை மறித்து நிற்கிறது. புதுச்சேரிக்கோ கடலூருக்கோ போகிறவன் இந்தப் பாறையின் கண்ணில் படாமல் போவது கடினம். ஆங்கிலேயர் ஏடுகளில் இதன் பெயர் ‘தியாகர்’. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டைக்காக யார் யாரோ செத்தார்கள். ஆனால் அதன் கதையில் எனக்குப் பிடித்த இடம் 1760. அந்த ஆண்டு இந்தக் கோட்டை சம்பளமாகக் கொடுக்கப்பட்டது.

கொடுத்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. 1758-ல் புதுச்சேரியில் வந்து இறங்கியபோதே கஜானா காலி. பணம் எங்கே கிடைக்கும் என்று தேடியவர் கையில் ஒரு பழைய கடன்பத்திரம் சிக்கியது. 1749-ல் சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சையைச் சூழ்ந்து நின்ற நெருக்கடியில், மராட்டிய மன்னர் பிரதாபசிங் ஒப்புக்கொண்ட தொகையில் 56 லட்சம் ரூபாய் நின்றுபோயிருந்தது. கோவணத்தோடு நின்றவனிடம் எழுதி வாங்கிய பத்திரம் என்று நம் ஊரில் சொல்வார்கள், அந்த வகை. லாலி படையோடு தஞ்சைக்குப் போனார். ஒரு பிராமிசரி நோட்டை வசூலிக்கப் பீரங்கி இழுத்துக்கொண்டு போன சேனை அது. பணமும் வரவில்லை, தஞ்சையும் விழவில்லை. திரும்பி வந்ததுதான் மிச்சம்.

1759 அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காகப் பிரெஞ்சுச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் தோல்வி. அதன்பின் லாலிக்கு உதவிக்கு வரக்கூடியவர் மைசூரில் மேலெழுந்துகொண்டிருந்த ஹைதர் அலி ஒருவர்தான். குதிரையும் காலாளும் வேண்டும், புதுச்சேரிக்கு அரிசியும் மாடும் வேண்டும். கொடுக்க வராகன் இல்லை. இல்லாதவன் பாத்திரத்தை அடகு வைப்பான். லாலி தியாகதுருகத்தை வைத்தார். சரியாகச் சொன்னால் அது அடகுகூட இல்லை, கிரயம். கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் மைசூருக்கே நிரந்தரம் என்று உடன்படிக்கை. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு இறங்கினார்.

சில வாரங்கள்தான். ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், அதுவரை கூட்டாளியாக இருந்த கண்டேராவ் ஹைதருக்கு எதிராகத் திரும்ப, மைசூர்ப்படை மலையேறிப் போய்விட்டது. வேலை முடியவில்லை, கூலி திரும்பிவிட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடியதும் அதே மாதம். பிப்ரவரியில் தியாகதுருகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இனி கதை கோட்டையை விட்டு இறங்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் போகிறது.

ஆங்கிலேயர் யாருக்காகச் சண்டை போட்டார்கள்? ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக. அப்படித்தான் காகிதத்தில் இருந்தது. ஆகையால் போர்ச்செலவும் அவர் கணக்கில் ஏறியது. புதுச்சேரி முற்றுகையின் செலவைக்கூடக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் தலையில் எழுதியது. கம்பெனிக்குக் கட்ட நவாபிடம் ரொக்கம் இல்லை. கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், அதே கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர்கள். அலுவலக நேரத்தில் பாக்கியைக் கேட்பார்கள், மாலையில் அதைக் கட்டக் கடன் கொடுப்பார்கள்.

வட்டி? தொடக்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு வரை போனது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து மொழியில் சொன்னால் ‘மூணு வட்டி’. இன்றும் சந்தைக்கடையில் கைமாற்று வாங்கினால் நல்ல ஆளுக்குச் சொல்லும் விகிதம் அதுதான். பிறகு இருபத்தைந்து, இருபது என்று இறங்கி, 1767-ல் எல்லாக் கடனையும் ஒன்றாகத் திரட்டிப் பத்து சதவீதத்தில் எழுதினார்கள்.

இங்கே ஒரு கேள்வி. கம்பெனியில் ‘ரைட்டர்’ என்று சேரும் பையனுக்கு ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன். மேலே போனாலும் காகிதச் சம்பளம் சில பத்துப் பவுன்கள். அரசருக்குக் கடன் கொடுக்க அவனிடம் பணம் ஏது? தனிவியாபாரத்தில் வந்தது ஒரு பங்கு. உள்ளூர்ச் சவுக்கார்களிடம் குறைந்த வட்டிக்கு வாங்கிக் கூடுதல் வட்டிக்கு விட்டது ஒரு பங்கு. மூன்றாவது பங்குதான் நம் தொடருக்கு வேண்டியது: பணமே கொடுக்காமல் கொடுத்த கடன்.

1764-ல் கம்பெனி இயக்குநர்கள் தங்கள் ஊழியர்களிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். நவாபுகள், ராஜாக்களிடமிருந்து பெரிய அன்பளிப்பு எதுவும் வாங்கக் கூடாது. 1773-ன் ஒழுங்குமுறைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. நல்ல சட்டம்தான். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்றால் கடன்பத்திரம் வாங்கலாமே! கவுன்சிலில் நவாபுக்குச் சாதகமாக ஒரு வாக்கு, பதிலுக்குச் சேப்பாக்கம் அரண்மனையில் ஒரு முத்திரைக் காகிதம்: ‘இன்னாரிடம் இவ்வளவு வராகன் கடன் பட்டேன், வட்டியோடு தருவேன்.’ ரொக்கம் கைமாறவில்லை. ஆனால் லஞ்சம் அசலாகிவிட்டது. அதற்கு வட்டி உண்டு, அதை விற்கலாம், வாரிசுக்கு எழுதலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். குற்றத்தில் வந்ததைக் கணக்கில் வந்ததாக மாற்றுவதற்குத்தானே இன்று வெளுப்பு என்று பெயர்? சோப்புப் போட்டவர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தார்கள்.

இந்த வித்தையின் உச்சத்தை ஆங்கில ஏடுகள் ‘குதிரைப்படைக் கடன்’ என்று அழைக்கின்றன. 1777. நவாபிடம் வேலையற்ற குதிரைப்படை ஒன்று இருந்தது. அதைக் கலைக்கச் சொன்னது கம்பெனி. கலைக்க வேண்டுமென்றால் சம்பளப் பாக்கி தீர வேண்டும், சுமார் நான்கு லட்சம் வராகன். டெய்லர், மஜெண்டி, கால் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் ‘நாங்கள் தருகிறோம்’ என்று முன்வந்தார்கள். ஈடாக நவாப் சில சீமைகளின் நிலவரியை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். வரி அவர்கள் கைக்கு வரத் தொடங்கியது. குதிரைக்காரனுக்கோ சம்பளம் வரவில்லை. மாதங்கள் போயின, வருஷமும் போனது, பொறுக்கமாட்டாமல் குதிரைப்படை கலகம் செய்தது. கடைசியில் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்துத் தீர்த்தபோது, அந்தச் சீமைகளிலிருந்து வசூலான வரியே பாக்கியைத் தீர்த்தது. அதாவது நவாபின் பணத்தை நவாபுக்கே கடன் கொடுத்து, அதற்கு வட்டியும் வாங்கினார்கள்.

நாளிதழில் இன்று இப்படி ஒரு செய்தி வந்தால் அதற்கு நாலு பெயர் வைத்திருப்போம்.

வரியை எழுதிக் கொடுப்பதற்கு அந்தக் காலத்துச் சொல் ‘தன்கா’. கிராமத்தில் அதன் பொருள் வேறு. கடன்காரரின் ஆள் அமில்தாரோடு வந்து நிற்பான். நெல் கதிர் பிடிக்கும் முன்பே தவணை. குடியானவனிடம் ரொக்கம் இருக்காது, களத்துமேட்டிலேயே சவுக்கார் முன்பணம் கொடுப்பான், கதிரை எழுதி வாங்கிக்கொள்வான். வரி வசூலுக்கு அன்றைய தமிழ்ச் சொல் தண்டல். அதே தண்டல் இன்றைக்கும் எங்கள் கடைத்தெருவில் புழங்குகிறது: ஆயிரம் என்று எழுதி எண்ணூற்றைம்பது கையில், நாளுக்குப் பத்து ரூபாய், நூறு நாள். சைக்கிள் போய் பைக் வந்திருக்கிறது. சின்ன நோட்டுப் புத்தகமும் அதில் நாள்தோறும் விழும் கிறுக்கலும் மாறவில்லை. சொல் ஒன்று அரசாங்கத்திலிருந்து கந்துவட்டிக்கு இறங்கி வந்த வழியை யாராவது மொழியறிஞர் எழுத வேண்டும்.

சரி, சென்னையில் சேர்ந்த பணம் லண்டனுக்கு எப்படிப் போனது? பெட்டியில் கட்டிக் கப்பலில் ஏற்றினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். கம்பெனி கஜானாவில் கட்டி லண்டன்மீது மாற்றுச்சீட்டு, அதாவது உண்டியல், வாங்கலாம், ஆனால் அதற்கு அளவு வைத்திருந்தார்கள். எவ்வளவு கட்டினான் என்பதும் பதிவாகும். ஐந்து பவுன் சம்பளக்காரன் ஐம்பதாயிரம் பவுன் அனுப்பினால் யாராவது கேட்கமாட்டார்களா?

ஒரு வழி வைரம். சென்னை முத்தியாலுப்பேட்டையில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. யூத வியாபாரிகள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வட்டாரத்து வைரத்தை வாங்கிப் போன தெரு. உள்ளங்கையில் மறையும் கல் ஒன்று ஒரு ஜில்லாவின் வரியைச் சுமந்துபோகும். இரண்டு முறை சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட்டின் பெயரிலேயே உலகப் புகழ்பெற்ற வைரம் ஒன்று உண்டு. 1801-ல் அதை லண்டனில் லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்றார்கள். அதே பிகட்தான் இரண்டாம் முறை வந்தபோது நவாபின் கடன்காரர்களோடு மோதி, 1776 ஆகஸ்டில் சொந்தக் கவுன்சிலாலேயே சிறைப்பட்டு, மறு ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். மனிதர்களை நல்லவர் கெட்டவர் என்று இரண்டு டப்பாவில் போட்டு வைக்க வரலாறு விடுவதில்லை.

இன்னொரு வழி தரங்கம்பாடி. 1620 முதல் டேனியர்கள் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஊர். அவர்களுக்குத் துணி வாங்கக் கைமுதல் குறைவு. சென்னைக்காரர்களிடம் வெளியே காட்ட முடியாத வராகன் மிகுதி. ஆங்கிலேயன் வராகனைத் தரங்கம்பாடியில் கொடுப்பான். டேனியர்கள் அதைக் கொண்டு நெசவாளரிடம் துணி கொள்முதல் செய்வார்கள். துணி கோபன்ஹேகனில் விற்கும். விற்ற பணத்திலிருந்து ஐரோப்பாவில் அவன் பெயருக்கு உண்டியல் செல்லும். வராகன் கடல் தாண்டவில்லை, துணிதான் தாண்டியது. பிரெஞ்சு, டச்சுக் கம்பெனிகள் மூலமும் இதே ஏற்பாடு நடந்தது. 1778-க்குப் பிறகு பிரான்சும் தொடர்ந்து ஹாலந்தும் இங்கிலாந்தோடு போருக்கு நின்றபோது, நடுநிலை டென்மார்க்குக்குக் கொழுத்த காலம்.

உண்டியல் காகிதத்தை மூன்று பிரதியாக எழுதி மூன்று கப்பலில் அனுப்புவார்கள். ஒன்று மூழ்கினாலும் ஒன்று போய்ச் சேரும். எது முதலில் சேர்கிறதோ அதற்குப் பணம், மற்ற இரண்டும் வெறும் காகிதம். நம் நாட்டு உண்டிக்காரர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. உண்டி தொலைந்தால் ‘பேட்’, அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’. அதில் ‘ஷாஜோக்’ என்று ஒரு வகை உண்டு. சந்தையில் பெயருள்ள வியாபாரியிடம் மட்டுமே பணத்தைக் கொடுக்க வேண்டும், முன்பின் தெரியாதவன் நீட்டினால் கூடாது. வங்கிகள் இன்று ஆதார் நகலும் புகைப்படமும் கேட்கின்றனவே, அதைச் சவுக்கார்கள் ஒரு சொல்லில் முடித்திருந்தார்கள். தரங்கம்பாடியில் மட்டும் அப்படிக் கேட்பார் யாருமில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே சரக்கு.

ஊர் போய்ச் சேர்ந்த பணம் நிலமாயிற்று, மாளிகையாயிற்று, நாடாளுமன்ற இடமாயிற்று. நவாப் என்ற சொல்லையே வளைத்து ‘நபாப்’ என்று இவர்களை அழைத்தார்கள் இங்கிலாந்தில். இவர்களில் தலையாயவர் பால் பென்ஃபீல்டு. கட்டட ஒப்பந்தக்காரராகவும் இருந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்றும் சொல்வார்கள். தஞ்சை வருவாயின்மீதும் விளைச்சலின்மீதும் தனக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்று கோரியவர் அவர். பிகட் மோதியது இந்தக் கோரிக்கையோடுதான். 1785 பிப்ரவரி 28-ல் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியபோது, பென்ஃபீல்டு தன் பணத்தால் எட்டு உறுப்பினர்களை உருவாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறார் என்று குற்றம்சாட்டினார். பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது. அன்று வாக்கெடுப்பில் தோற்றது. விசாரணை ஏதுமின்றிக் கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் கடன்காரர்களுக்குக் கட்ட வேண்டும் என்ற உத்தரவு நின்றது. பென்ஃபீல்டு மட்டும் பிற்காலத்தில் பணத்தையெல்லாம் தொலைத்து 1810-ல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. ஒரு பத்திரம் தீர்ந்தால் இரண்டு முளைத்தன. 1790-ல் திப்பு சுல்தானின் படை தியாகதுருகத்தைச் சூழ்ந்தபோது உள்ளே நின்று காத்தவர் கேப்டன் ஃபிளின்ட், முன்பு வந்தவாசியைக் காத்துப் பெயர் வாங்கியவர். அந்தப் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவிலும் சென்னையில் நவாபின் பத்திரங்கள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. 1801-ல் கம்பெனி கர்நாடகத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது. தென்னாற்காடு ஜில்லா பிறந்தது, தியாகதுருகமும் அதற்குள் வந்தது. நவாப் போனார், கடன் போகவில்லை. பத்திரங்களைச் சோதிக்க 1805-ல் ஒரு ஆணையம் போட்டார்கள். மூன்று கோடி பவுனுக்கு மேல் கோரிக்கைகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் போலிக் கையெழுத்து, பின்தேதி இட்ட முத்திரை, இல்லாத ஆள் கொடுத்த கடன். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தேறியதற்கான பணம் இந்தச் சீமைக் குடியானவர் கட்டிய கிஸ்தியிலிருந்து போனது. தேறாத பத்திரங்களுக்கு அதுவரை வாங்கித் தின்ற வட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மலையைப் பற்றித் தகவல் திரட்டச் சில வருஷம் கழித்து மறுபடி தியாகதுருகம் போனேன். மேலே இடிந்த மதில், பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர். இறங்கி வந்து அந்தச் சந்துக்குப் போனால் அக்கா வீட்டுக்கு மாடி எழும்பியிருந்தது. டீ கொடுத்தார். அன்றைக்கு ஏன் அக்கா கட்டைப் பிரித்து எண்ணவில்லை என்று கேட்டேன்.

“எதுக்குத் தம்பி எண்ணணும்? ஒரே ஒரு தடவ நூறு ரூபா கொறஞ்சிது. நான் யாருகிட்டயும் சொல்லக்கூட இல்ல. மறுநா காலைல அவரே வண்டில வந்து, கணக்குல இடிக்குதுக்கா, உங்களுதுதான்னு குடுத்துட்டுப் போனாரு.”

(தொடரும்)